இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு கட்டில்

அந்த வீட்டு முன்னறையில் சொந்த இடம் என்று இருந்தது மூன்று பேருக்குத்தான். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும், அவற்றுக்கு எதிரே கிடந்த ஒற்றை நாற்காலியும். வீட்டில் குடியிருந்த மற்றவர்கள், அதாவது அவளும் மகளும், பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து சமையலறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பெட்டிகள் அவள் மார்பளவு உயரம். சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் நிற்கிற இரண்டு சம்பந்தியம்மாக்கள் மாதிரி நிற்கும். சுவரை ஒட்டியாவது நிற்கக் கூடாதா என்று கேட்டால், கூடாதாம். ஒட்டி நின்றால் தாளம் வீங்கிவிடுமாம். அறை மூலையில் நின்றால் அதைவிட மோசமாம். அதனால் அவை நட்டநடு அறைக்கு வந்து நின்றன. அவற்றின் காலடியைச் சுற்றித் தரையில் பச்சை டேப் ஒட்டியிருந்தது. துடைக்கும்போது ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டாலும் அவள் கணவனுக்குத் தெரிந்துவிடும். மகளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியது தெரியாது. பெட்டி நகர்ந்தது தெரியும்.

கணவன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக்கம்பியை அறுத்தெடுத்து, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். கை சுத்தம். அவன் சுற்றிய மோட்டார் திரும்பி வந்ததில்லை என்று கடைத்தெருவில் சொல்வார்கள். யாரோ ஒருவர் பழைய ஆம்பிளிஃபயரை டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. அதைச் சரிசெய்து, சும்மா ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, வேறு கெட்ட பழக்கம் ஏதுமில்லை. "அதுக்கு அவர் குடிச்சிருக்கலாம், ஒரு பாட்டில் எவ்வளவு இடத்த அடைக்கும்?" என்று அவள் தங்கையிடம் ஒருமுறை சொன்னாள். அவள் பேசிய பெரிய பேச்சு அதுதான், அதுவும் போனில்.

நேரில் அவளுக்குப் பேச்சு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் மூடி பார்க்கிற வேலை அவளுக்கு. ஓடும் பட்டையின் மேல் மூடிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பிசிறு இருந்தால், ஓரம் கோணியிருந்தால், எடுத்துப் பின்னால் போட வேண்டும். கண் வேலை. வாய்க்கு விடுமுறை. பக்கத்தில் நிற்பவள் நாள் முழுக்கப் புருஷனைத் திட்டிக்கொண்டே மூடி பார்ப்பாள். இவள் ஆமாம், இல்லை என்றுகூடச் சொல்ல மாட்டாள், ஆனால் அத்தனையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்கு இரண்டு பேர் வருவார்கள். அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர்கள் காது அண்ணன், கிராஃப் தம்பி.

காது அண்ணன் மருந்துக்கடைக்காரர். தலை நரைத்தவர், நல்ல மனுஷர், வரும்போது மகளுக்குச் சத்து மாத்திரை கொண்டுவருவார். ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு முடிந்ததும் மெதுவாகக் கண்ணைத் திறப்பார். பிறகு, "வயலின் வில்லுல பிசின் தடவியிருக்கான் பாரு, அந்தப் பிசின் கேக்குது" என்பார்.

கிராஃப் தம்பி ஏதோ ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்பவன். அவன் காதுகள் கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றும். பென்சில் மாதிரி மெல்லிய மைக் ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் ஒரு பெட்டி, பிறகு மற்றது என்று ஊளையிட வைப்பான். ஊளை அடிவயிற்றில் தொடங்கி, மேலே மேலே ஏறி, நாய்க்கு மட்டும் கேட்கிற உயரத்தில் போய் மறையும். அவன் மடிக்கணினியில் ஒரு கோடு விழும். கோடு மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் பெட்டி நல்ல பெட்டி. அவ்வளவுதான் அவன் கட்சி.

"அண்ணே, உங்க வயசுக்கு மேல் சுருதியில பாதி காதுல ஏறவே ஏறாது. நீங்க கேக்கறது பாட்டு இல்ல, ஞாபகம்."

"நீ சோத்தையும் தராசுல நிறுத்திப் பாத்துட்டுத்தான் ருசி சொல்லுவியாடா?"

"தராசு பொய் சொல்லாது."

"தராசு சாப்பிடாதுடா!"

இப்படியே மதியம் வரை போகும். அவள் டீ கொண்டுபோவாள். டம்ளர்களைப் பெட்டியின் மேல் வைக்கக் கூடாது. தரையில் வைத்தால் டேப்பைத் தாண்டி வைக்க வேண்டும். யாராவது கையை நீட்டும் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை, டம்ளரில் ஆடை கட்டியது வரை நின்றாள். சூடு அடங்கிய டீயைக் குடித்துவிட்டு, "தங்கச்சி டீன்னா டீதான்" என்று காது அண்ணன் பாராட்டினார். இதே காதுக்குப் பிசின் கேட்கிறது.

அவளுடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது இந்தச் சமயத்தில்தான். தங்கை வீட்டில் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். நடக்கப் பல மாதம் ஆகும் என்றார்கள். தங்கை வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவள் வீடு தரைத்தளம். குளியலறை முன்னறையை ஒட்டியிருந்தது. உள்ளறையில் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், அங்கே இன்னொரு ஆளுக்குப் பாய் விரிக்கவே இடமில்லை. ஆக, முன்னறைதான். யோசிக்க ஒன்றுமேயில்லை.

"என்னங்க, அப்பாவ இங்க கூட்டிட்டு வரணும்."

"வரட்டும். நம்ம வீட்டுக்கு வராம எங்க போவாரு?" என்றான் கணவன். சட்டென்று சொன்னான், மனசாரச் சொன்னான். அதில் குறை சொல்ல முடியாது.

"கட்டில் போடணும். முன்னறையில."

அவன் பெட்டிகளைப் பார்த்தான். "போட்டுடலாம். பெட்டிய கடைக்குக் கொண்டுபோயிடறேன். இப்பத்தான் உள்ள புதுக் காயில் சுத்தி மாட்டியிருக்கேன், கனமான கம்பி. அதை மட்டும் ஒருதரம் கேட்டு முடிச்சிடறேன். கடையில வெச்சா ஒண்ணும் தெரியாது, இரும்புச் சத்தம்."

மறுநாள் காலை அவள் முன்னறையைத் துடைத்தபோது துடைப்பானின் கட்டையில் வலது பெட்டியின் வயர் சிக்கி இழுபட்டது. பெட்டிக்குப் பின்னால் சிவப்புத் திருகு ஒன்று, கறுப்புத் திருகு ஒன்று. இரண்டிலிருந்தும் கம்பி கழன்று தரையில் கிடந்தது. கம்பிகள் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஒன்றை இதில், ஒன்றை அதில் செருகித் திருகிவிட்டு ஓடினாள். சாயங்காலம் கணவனிடம் சொல்லவும் செய்தாள்.

"துடைக்கும்போது வயர் கழண்டுச்சுங்க. மாட்டிட்டேன். சரியான்னு ஒருதரம் பாத்துக்குங்க."

அவன் போனில் குரூப்பைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் குரூப்பில் ஸ்பீக்கர் பைத்தியங்கள் எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள். "ம்" என்றான்.

அந்த ஞாயிறு காது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், உடனே திறந்துவிட்டார்.

"டேய், சுவரு எங்கடா போச்சு?"

"என்னண்ணே?"

"அறையே இல்லடா! பாட்டு பெட்டியிலிருந்து வரல. அங்கேருந்து வருது, பக்கத்துலேருந்து வருது, என் முதுகுக்குப் பின்னாடி ஒரு தபேலா உக்காந்திருக்கு. என்னடா பண்ணின?"

"காயில் மாத்தினேன்ணே." கணவனின் முகத்தைச் சமையலறைக் கதவிடுக்கில் அவள் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அந்த முகம் இவ்வளவு மலர்ந்ததில்லை. "கனமான கம்பி. கையாலயே சுத்தினேன்."

கிராஃப் தம்பி உடனே மைக்கை நிறுத்தினான். இடது பெட்டி ஊளையிட்டது. வலது பெட்டி ஊளையிட்டது. கோடு விழுந்தது. போன வாரத்துக் கோட்டை எடுத்து இதன் மேல் வைத்தான். ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியது.

"ஒண்ணுமே மாறல. ரெண்டு பேரும் கனவு காணறீங்க."

"நீ கேளுடா முதல்ல!"

"எதுக்குக் கேக்கணும்? அளந்தாச்சு."

அன்றைக்குத் தொடங்கியது. காது அண்ணன் குரூப்பில் எழுதினார். கிராஃப் தம்பி இரண்டு கோடுகளையும் போட்டு, கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டான். குரூப் இரண்டாகப் பிளந்தது. கனக் கம்பிக் கட்சி, கோட்டுக் கட்சி. பெட்டியைக் கண்ணால் பார்த்திராத ஆட்கள் எல்லாம் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போனார். போனவர் மறுநாளே வந்து ஏன் போனேன் என்று நீளமாக விளக்கினார். கணவன் சாப்பிடும்போதும் போனைப் பார்த்தான். "அடிச் சத்தம் மட்டும் கொஞ்சம் மெலிஞ்சிருக்குன்னு அண்ணன் சொல்றாரு. காயில்ல ரெண்டு சுத்து குறைச்சுப் பாக்கறேன்" என்றான். குறைத்தான். அடி மெலிவாகவே இருந்தது. கூட்டினான். அப்படியும் மெலிவாகவே இருந்தது. பெட்டி அதே இடத்தில் இருந்தது.

"என்னங்க, கட்டில்..."

"ஆயிடும்மா. முடியற நேரத்துல இழுத்துவிடாத."

"டாக்டர் சீக்கிரம் அனுப்பிடுவாங்களாம்."

"இது முடிவாகாம எடுத்துட்டா இத்தனை நாள் உழைச்சதுக்கு அர்த்தமே இல்ல. உனக்கு இது புரியாது."

அவளுக்குப் புரியவில்லைதான். அப்பாவின் இடுப்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பி கனமா மெலிவா என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. இதை அவள் சொல்லவில்லை. கடைக்குப் போய் அப்பாவுக்கென்று ஒரு புது விரிப்பு வாங்கி, பீரோவில் வைத்தாள். நல்ல பெரிய விரிப்பு, நீலம். விரிப்பு வந்துவிட்டது, கட்டில் தங்கை வீட்டில் பிரித்துத் தயாராக இருந்தது, அப்பாவும் தயார். இல்லாதது இடம் ஒன்றுதான்.

தங்கை தினமும் கேட்டாள். "அக்கா, ஆயிடுச்சா?"

"ஆயிடும்டி."

"மாமா முடியாதுங்கறாரா?"

"முடியாதுன்னு சொன்னா சண்டை போடலாம்டி. சரி சரின்னே சொல்றாரே."

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொன்னதும் கணவன் தலையை ஆட்டினான். "சரியாப் போச்சு. ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடறோம். நடுவர் ஒருத்தர் வர்றாரு. ஒலிப்பதிவு செய்யற இடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. ரெண்டு கட்சியும் ஒத்துக்கிச்சு. அவர் சொல்றதுதான் தீர்ப்பு. சாயங்காலமே பெட்டிய எடுத்துடறேன்."

ஞாயிறு நடுவர் வந்தார். ஒல்லியான, அலட்டிக்கொள்ளாத மனிதர். செருப்பை ஓரமாக விட்டு, டேப்பைக் கவனமாகத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. காது அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். கிராஃப் தம்பி மடிக்கணினியைத் திறந்து, வெட்டப்போகிறவன் கத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். அவள் டீத்தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"பாடறவரு எங்க?" என்றார் நடுவர்.

"எங்கன்னா?"

"ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நிக்கணும் இல்ல? தேடிட்டே இருக்கேன், ஆளக் காணோம். குரல் இருக்கு, ஆளு இல்ல. தாளத்துலயும் பாதி, ஒண்ணை ஒண்ணு தின்னுடுது." அவர் தாடையைத் தடவினார். "பின்னாடி வயரு கியரு யாராவது தொட்டீங்களா?"

"என் கையத் தவிர வேற கை படல" என்றான் கணவன்.

அவள் தட்டோடு ஓரடி முன்னே வந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்... அன்னிக்கே சொன்னேனே" என்றாள். பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே போனது.

"என்ன சொன்ன?"

"துடைக்கும்போது வயர் கழண்டுச்சு. மாட்டிட்டேன். பாத்துக்குங்கன்னேன். நீங்க ம்னு சொன்னீங்க."

கிராஃப் தம்பி தவழ்ந்து பெட்டிக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தான். எழுந்தபோது காதுமடல் சிவந்திருந்தது.

"மாறியிருக்கு. வலது பெட்டியில சிவப்புல மாட்ட வேண்டியது கறுப்புல."

அதாவது, இடது பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது வலது பெட்டி பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அளந்தால் இரண்டும் யோக்கியமான பெட்டிகள். சேர்ந்து பாடினால்தான் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும். அவன் ஒவ்வொன்றாகத்தான் அளந்தான், அத்தனை வாரமும். கணவன் சுற்றிய காயில்கள் ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் குற்றவாளி இல்லை. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மலர்ந்த முகம் சுருங்கியதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. சரி, முடிந்தது. இனிப் பெட்டியை எடுப்பார்கள்.

எங்கே முடிந்தது? வயரைத் திருப்பி மாட்டினார்கள். பாட்டைப் போட்டார்கள். தாளம் ஊன்றி விழுந்தது, பாடகர் நடுவில் வந்து நின்றார். நடுவர் தலையசைத்தார்.

காது அண்ணன் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி இருந்ததுதான் நல்லாயிருந்துச்சு."

"அண்ணே! அது தப்பா மாட்டினது!"

"தப்பா மாட்டினா நல்லா இருக்கக் கூடாதுன்னு சட்டமா? அதுல ஒரு விரிவு இருந்துச்சு. இதுல எல்லாம் ஒரே இடத்துல கும்பலா நிக்குது, பஸ் ஸ்டாப் மாதிரி."

"உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. வயர் மாறியிருக்குன்னு இப்ப சொன்னதால தெரியுது."

"தெரியாதா? எனக்கா? துணியக் கட்டுடா! மறைச்சுக் கட்டு! பாக்காமலே சொல்றேன்!"

"கட்டுவோம்" என்றான் கணவன். அவனுக்கு உயிர் வந்துவிட்டது. எழுந்து உள்ளறைக்குப் போய், பீரோவைத் திறந்து, கைக்கு அகப்பட்ட பெரிய துணியை எடுத்து வந்தான். நீல விரிப்பு. மடிப்புக் கலையாத விரிப்பு. ஜன்னல் கம்பிக்கும் சுவர் ஆணிக்கும் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டு, பெட்டிகளை மறைத்தார்கள்.

"மாத்தி மாத்தி மாட்ட ஒரு ஆள் வேணுமே" என்றார் நடுவர். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. "விஷயம் தெரிஞ்ச ஆளா இருந்தா முகத்துலயே காட்டிக் கொடுத்துடும்."

கிராஃப் தம்பி திரும்பினான். "அண்ணி இருக்காங்களே! அண்ணிக்குத்தான் ஒண்ணுமே தெரியாது."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். டேப்பைத் தாண்டி வைக்கவில்லை.

"துணிக்குப் பின்னாடி போயிடுங்க அண்ணி. நான் 'மாத்து'ன்னு சொல்லும்போது, இஷ்டம்னா வலது பெட்டிக் கம்பிய மாத்தி மாட்டுங்க, இல்லன்னா சும்மா இருங்க. எதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இருபது தடவை செஞ்சாப் போதும்."

"இருபதா?"

"கொறைஞ்சா கணக்கு நிக்காது அண்ணி."

அவள் போனாள். ஏன் போனாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. சொன்னதைச் செய்து பழகிய கால்கள். நீலத் துணிக்குப் பின்னால் நல்ல நிழலாக இருந்தது. புதுத் துணி வாசனை. பக்கத்துக்கு ஒன்றாகப் பெட்டிகள், எதிரே சுவர். யாருக்கும் அவள் முகம் தெரியாது, அவளுக்கும் யார் முகமும் தெரியாது.

"மாத்து!"

அவள் எதையும் தொடவில்லை. பாட்டு ஓடியது.

"இதான்! இதான் விரிவு!" என்று துள்ளினார் காது அண்ணன். "தபேலா முதுகுப் பக்கம் வந்துடுச்சு பாரு!"

கிராஃப் தம்பி எழுதிக்கொண்டான். "அடுத்தது. மாத்து!"

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. தங்கை. வாயருகே வைத்துக் கிசுகிசுத்தாள். "சொல்லுடி."

"அக்கா, கட்டில் ஏத்திட்டோம். வண்டி கெளம்பிடுச்சு. காலையில ஆம்புலன்ஸ் முதல் ஆளா அப்பாவத்தான் ஏத்துதாம். இடம் ஆயிடுச்சு இல்ல?"

அவள் போனை அணைத்து வைத்தாள். குனிந்தாள். வலது பெட்டியின் திருகுகளைச் சுழற்றி இரண்டு கம்பியையும் உருவினாள். இடது பெட்டியிலும் உருவினாள். வயரைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, பெட்டியின் மேலேயே சாய்ந்து நின்றாள்.

துணிக்கு அந்தப் பக்கம் நிசப்தம். நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஷ்ஷ்," என்றார் காது அண்ணன் மெதுவாக. "ஆரம்பமே எவ்வளவு சுத்தம் பாரு. பின்னணி அப்படியே இருட்டு."

"இன்னும் பாட்டே வரல அண்ணே."

"அதான், வரப்போகுதுன்னு தெரியுது இல்ல?"

"நான் பேசறேன்" என்றாள் அவள்.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எதிரே துணியைத் தவிர யாருமில்லை. நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

"அண்ணே, தம்பி, எல்லாரும் கேளுங்க. இனிமே பாட்டு வராது, வயர நான் கழட்டிட்டேன். நாளைக்கு எங்கப்பா வர்றாரு. இடுப்பு ஒடைஞ்சு வர்றாரு. அவர் படுக்கறதுக்கு இந்த வீட்டுல இந்த இடம் ஒண்ணுதான் இருக்கு. இத நான் எத்தனையோ தரம் சொல்லிட்டேன். சரின்னாங்க. ஆயிடும்னாங்க. புரியாதுன்னாங்க. நீங்க தொங்கவிட்டிருக்கீங்களே, அது அவரு படுக்க நான் வாங்கின விரிப்பு. கட்டில் வண்டி வழியில வந்துட்டிருக்கு. வந்து வாசல்ல நின்னா நான் என்ன சொல்றது? சுவரு காணாமப் போச்சா இல்லையான்னு இன்னும் முடிவாகலன்னா? தபேலா முதுகுக்குப் பின்னாடி இருக்குன்னா? எங்கப்பா முதுகு எங்க இருக்கும்? அதச் சொல்லுங்க யாராவது."

மூச்சு வாங்கியது. இன்னும் இருந்தது, சொன்னாள். "டீ சூடா இருக்கும்போது குடிக்கவும் கத்துக்குங்க."

துணிக்கு அந்தப் பக்கம் கேட்பதற்கென்றே உட்கார்ந்திருந்தவர்கள், கேட்டுவிட்டார்கள்.

முதலில் எழுந்தது நடுவர். துணியை விலக்கவில்லை. கயிற்றை ஆணியிலிருந்து அவிழ்த்து, விரிப்பு தரையில் படாமல் கையில் வாங்கி, மடித்தார். "தெளிவா இருந்துச்சும்மா" என்றார்.

துணி போனதும் அவள் முகம் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் தரையைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. பரவாயில்லை, வயர் மடியில்தான் இருந்தது.

கணவன் இடது பெட்டியைச் சாய்த்தான். காது அண்ணன் அடியைப் பிடித்தார். கனம். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர், கடைவரைக்கும் கைவண்டி. வாசல்படியில் இறக்கும்போதே கிராஃப் தம்பியின் குரல் கேட்டது.

"நேராப் பிடிங்க அண்ணே, கோணுது."

"எனக்குக் கையிலயே தெரியும்டா, நீ அளக்காத."

கட்டில் வந்து இறங்கி, மாட்டி முடித்தபிறகு கணவன் அறை நடுவில் வந்து நின்றான். பச்சை டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான். "நெசமாவே அன்னிக்கு என்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நான் ம்னு சொன்னேனா?"

"ம்" என்றாள் அவள்.

மறுநாள் காலை அப்பா வந்தார். ஸ்ட்ரெச்சர் எங்கேயும் இடிக்காமல் நேராக உள்ளே வந்தது. நீல விரிப்பில் படுத்தார். வந்தவுடனே குறை சொல்ல ஆரம்பித்தார். தலையணை உயரம், ஜன்னல் வெயில், ஆம்புலன்ஸ்காரன் பள்ளம் பார்த்து ஓட்டவில்லை. கணவன் கட்டில் ஓரத்தில் உட்காரப் போனான். "கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளை, காத்து வரட்டும்" என்றார் அப்பா. மாப்பிள்ளை போய்ச் சமையலறை வாசலில் உட்கார்ந்தான். அங்கே உட்கார்ந்தால் அவளுக்கு அடுப்புக்குப் போக வழியில்லை. அவனைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தாள்.

சாயங்காலம் காது அண்ணன் வந்தார். அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்தையெல்லாம் கடையிலிருந்து அவரே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அப்பா தூங்குவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். பையைக் கொடுத்தார். போகவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன விஷயம். ராத்திரியெல்லாம் மனசுல ஓடிட்டே இருக்கு."

"சொல்லுங்கண்ணே."

"நேத்து, அந்த முதல் தடவை. நான் விரிவா இருக்குன்னு சொன்னேனே. அப்ப நீ மாத்தினியா, மாத்தலியா?"

உள்ளே அப்பா முனகிப் புரண்டார். அவள் பைக்குள்ளிருந்து ஒரு பட்டை மாத்திரையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? அதச் சொல்லுங்க."